உயரமான ஸ்டூல்

இந்தக் கல்வியாண்டு முதல் நானும் வாத்தியார் ஆகிவிடுவது என்று தீர்மானித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் சிரிக்கப்போவது என் மனைவி. எங்கள் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறவள் அவள்தான். எனக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் ராத்திரி வேலை. அங்கே மீட்டரில் ஒரு முள் இருக்கிறது. அது சிவப்புக்குப் போகிறதா என்று விடியும்வரை பார்க்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் போனதில்லை. எனக்காகவாவது ஒரு தடவை போயிருக்கலாம்.

பகலில் தூங்குகிறவனுக்கு மனைவியின் வகுப்பு கனவில்தான் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் ஸ்வரத்தில் ஏறி இறங்குவார்கள். இந்தப் பக்கம் நான் புரண்டு படுப்பேன். சின்ன வயதில் கற்றுக்கொள்ள ஆசை இருந்தது, வசதி இல்லை. வசதி வந்தபோது தூக்கம் வந்துவிட்டது. அதனால் எனக்கு நானே குருவானேன். நிலையத்தில் கிடந்த நீளமான அட்டை ஒன்றில் கீபோர்டு வரைந்தேன். வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை, எல்லாம். ஒரு கண் முள்ளில், ஒரு கண் அட்டையில். வருஷக்கணக்கில் வாசித்தேன். விரல் பறக்கும். ஒரு அபஸ்வரம்கூட விழுந்ததில்லை. அட்டையில் எப்படி விழும் என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூட லீவு முடியப்போகிற சமயம். முன்னறை பார்க்கச் சகிக்கவில்லை. சுவரெல்லாம் போன வருஷப் பிள்ளைகளின் கைரேகை. தரையில் ஒயர்கள் சடை பின்னிக் கிடந்தன. என் திட்டம் எளிமையானது. அறையை அரண்மனை ஆக்குவது, நன்றியில் அவளை மூழ்கடிப்பது, மூச்சுத் திணறும்போது ஆரம்ப வகுப்பைக் கேட்டு வாங்கிவிடுவது.

நைசாக ஆரம்பித்தேன்.

“ஏம்மா, புதுசா சேர்ற பிள்ளைங்களை வேற யாராவது பார்த்துக்கிட்டா உனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்குமே?”

“நானும் அதைத்தான் யோசிச்சேன். ஆள்கூடப் பார்த்து வெச்சிருக்கேன்.”

“யாரு?”

“முதல்ல ரூம் ரெடியாகட்டும். அப்புறம் சொல்றேன்.”

சொல்லும்போது என்னையே பார்த்தாள். என் காது சூடாகிவிட்டது. அன்றைக்குப் பகல் முழுக்கத் தூங்கவில்லை.

மறுநாளிலிருந்து தூங்க நேரமும் இல்லை. சுவரைச் சுரண்டினேன். மஞ்சள் அடிக்கலாம் என்று நான் சொன்னேன், இளநீலம் என்று அவள் சொன்னாள், இளநீலம் அடித்தேன். ஆடிக்கொண்டிருந்த ஸ்டாண்டுகளுக்குத் திருகு முடுக்கினேன். ஒயர்களுக்குச் சிக்கெடுத்தேன். கீபோர்டுகளை மட்டும் நான் தொடக்கூடாது என்று உத்தரவு. பெயின்ட் தெறிக்குமாம். அவை உறைக்குள் போனவைதான், கடைசிவரை வெளியே வரவில்லை.

நடுவில் ஒரு விபரீதம். சாப்பாட்டுப் பையில் மடித்து வைத்திருந்த என் அட்டையைக் காணோம். பையைக் கழுவுகிறவள் அவள். கேட்டால் ரகசியம் போய்விடும், கேட்காவிட்டால் பயிற்சி போய்விடும். பேசாமல் இருந்தேன். இந்த வீட்டில் எனக்கு நன்றாகக் கைவந்த வித்தை அது ஒன்றுதான்.

வேலை முடிகிற நாளில் கூப்பிட்டாள்.

“என்னங்க, அந்த ஓரத்து ஸ்டூலைக் கொஞ்சம் உயர்த்தி வைங்க.”

“எதுக்கு?”

“உயரமா ஒருத்தர் வர்றாங்க. நீங்களே உட்கார்ந்து பாருங்களேன். உங்க உயரம்தான் இருக்கும்.”

உட்கார்ந்து பார்த்தேன். கால் கச்சிதமாகத் தரையில் பதிந்தது. வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று புரிந்துகொண்டேன். கல்யாணமான புதிதில்கூட அவள் இப்படி வெட்கப்பட்டதில்லை.

வகுப்பு தொடங்கும் நாள் வந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, முகத்தில் கொஞ்சம் கண்டிப்பும் வரவழைத்துக்கொண்டு அறை ஓரமாக நின்றேன். நாலைந்து புதுப் பிள்ளைகள். அவர்களோடு, போன வருஷமே சேர்ந்துவிட்ட அடுத்த வீட்டுச் சிறுமி. முன்பல் இரண்டும் விழுந்தவள். மனைவி கீபோர்டுகளின் உறைகளை ஒவ்வொன்றாக உருவினாள். சுவரில் ஒரு துணி தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் உருவினாள். என் அட்டை.

“இந்தப் படத்துல என்ன தப்புன்னு யார் சொல்றீங்க?”

தப்பா? அட்டையைப் பார்த்தேன். ஒவ்வொரு இரண்டு வெள்ளைக்கும் நடுவில் ஒரு கறுப்பு. வேலிக்குக் குச்சி நட்ட மாதிரி அத்தனை ஒழுங்கு. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது.

“கறுப்புக் கட்டை நிறைய இருக்கு மிஸ்,” என்றாள் பல் விழுந்தவள். “ரெண்டு வரணும், அப்புறம் கொஞ்சம் இடம் விட்டு மூணு வரணும். இவங்க எல்லா இடத்துலயும் போட்டுட்டாங்க.”

கீபோர்டைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு. மூன்று. இரண்டு. மூன்று. இத்தனை வருஷமும் இந்த அறையைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். ஒருநாள் நின்று பார்த்ததில்லை. யாருமில்லாத ராத்திரிகளில் நான் வாசித்த பாட்டெல்லாம், உலகத்திலேயே இல்லாத ஒரு வாத்தியத்தின் பாட்டு.

“யார் மிஸ் வரைஞ்சது?”

“ஒரு பெரிய பிள்ளை. சொல்லித்தர ஆளில்லாம தானா கத்துக்கப் பார்த்திருக்கு. அட்டை எப்படித் தேய்ஞ்சிருக்கு பாரு, அவ்வளவு வாசிச்சிருக்கு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லிக் கொடுத்திருப்பேன்.”

அட்டையைப் பார்த்துத்தான் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

பிறகு கண்ணாலேயே அந்த உயரமான ஸ்டூலைக் காட்டினாள். போய் உட்கார்ந்தேன். அளவு கச்சிதம். நானே வைத்த அளவு.

“புதுசா சேர்ந்தவங்களை இந்த வருஷம் நீதான் பார்த்துக்கணும்,” என்று பல் விழுந்தவளிடம் சொன்னாள் என் மனைவி. “இவர்கிட்டேர்ந்து ஆரம்பி.”

என் புது வாத்தியாரம்மா பக்கத்தில் வந்து நின்றாள். கையை நீட்டச் சொன்னாள். நீட்டினேன். திருப்பச் சொன்னாள். திருப்பினேன். பத்து நகத்துக்குள்ளும் இளநீலம்.

“அங்கிள், நாளைக்கு நகம் வெட்டிட்டு வாங்க.”