ஏரம்பர் வென்றெடுத்த மஞ்சள் விளக்கு

சாவகச்சேரியில் வான் வைத்திருக்கும் ஏரம்பர், ஒரு திங்கட்கிழமை காலை, எஞ்சின் எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரிவதைக் கண்டார். வான் வழமைபோல் ஓடியது. சத்தமில்லை, புகையில்லை. விளக்கு மட்டும் எரிந்தது.

ஏரம்பர் சாதாரண மனிதரல்ல. நாற்பது வருடத்தில் அரசாங்கத்துக்கு நூற்றுப் பதினொரு கோரிக்கை மகஜர்களைக் கையளித்தவர். ஒன்றுக்கும் பதில் வராதது அவருடைய நேர்மைக்குச் சான்று. இப்போது செவ்வாய், வியாழன், சனி என்று இரத்தம் சுத்திகரிக்கப் போகும் நோயாளர் ஐவரை யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கினார். ஐவரில் ஒருவர் அவருடைய அக்கா அருந்ததி. வானின் தகுதிப் பத்திரமோ வெள்ளியோடு முடிகிறது. பத்திரம் இல்லையென்றால் ஐந்து பேரும் பஸ்ஸில் நசுங்கவேண்டியதுதான்.

மெக்கானிக் சுஹைர் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தான்.

"பிழைக் குறியீடு ஒண்டும் காட்டேல்லை அண்ணை."

"அப்ப பிழை இல்லையோ?"

"மெஷினுக்குத் தெரிஞ்ச பிழை இல்லை. எங்கையாவது வயர் உரசுப்படும். எல்லாத்தையும் கழட்டித்தான் பாக்கவேணும். ஒரு நாள் விட்டிட்டுப் போங்கோ."

"ஒரு நாளோ? எனக்கு இப்ப பத்திரம்தான் அவசரம்."

தகுதிப் பரிசோதனைக் கந்தோரில் பரிசோதகர் வாகீசன் அரசாங்க ஸ்கேனரை எடுத்தார். திறப்பு விழாவில் கட்டிய நாடா அதில் இன்னும் இருந்தது.

"குறியீடு இல்லை. ஆனால் விளக்கு எரியிறபடியால் பத்திரம் தரேலாது. திருத்திக்கொண்டு வாங்கோ."

"எதைத் திருத்திறது ஐயா?"

"அதைக் குறியீடு சொல்லும். படிவத்திலை ஏழாம் கட்டத்திலை குறியீட்டை எழுதவேணும்."

"குறியீடுதான் இல்லையே."

"குறியீடு இல்லையெண்டால் குறை இல்லை. குறை இல்லையெண்டால் விளக்கு எரியாது."

"எரியுதே ஐயா."

வாகீசன் எட்டிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"அது சட்டப்படி எரியேல்லை. கண்ணுக்கு மட்டும்தான் எரியுது."

இப்படி ஒரு வாசகத்துக்காகத்தான் ஏரம்பர் நாற்பது வருடம் காத்திருந்தார். புதன்கிழமை நோயாளர் ஐவரையும் கந்தோர் வாசலில் குடைக்குக் கீழே இருத்தி, 'குறியீடற்ற விளக்குகளுக்கு நீதி வேண்டும்' என்ற பதாகையைக் கட்டினார். வான் சாரதிகள் சங்கம் திரண்டு வந்தது. நூற்றுப் பன்னிரண்டாவது மகஜர் கையளிக்கப்பட்டது.

சரித்திரத்தில் முதல் தடவையாகப் பதில் வந்தது. வியாழனன்று கொழும்பிலிருந்து தனிச் சிங்களத்தில் வந்தது. அதை வாசிக்கத் தெரிந்த ஒரே உத்தியோகத்தர் லீவில் நின்றபடியால், வெள்ளிக்கிழமைதான் அது தமிழுக்கு வந்து சேர்ந்தது: 'குறியீடு காட்டாத நிலையில் எரியும் விளக்கு, எரியாத விளக்காகக் கருதப்படும்.' வாகீசன் பத்திரத்தையும் கொடுத்து, அதற்கு அத்தாட்சியாக முன்கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் ஒன்றையும் தன் கையாலேயே ஒட்டினார். வாசலில் தேங்காய் உடைத்தார்கள்.

ஞாயிறன்று சுஹைர் சொன்னான்: "இனி வானை விடுங்கோ அண்ணை. வயரைப் பிடிச்சால் விளக்கு நிண்டிடும்."

ஏரம்பர் அவனைக் கருங்காலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"போராடி எடுத்த உரிமையை ரெண்டு அங்குல வயருக்காக விட்டுக்குடுக்கச் சொல்லுறியோ?"

"உரிமை வேறை அண்ணை, எஞ்சின் வேறை. நாளைக்கு உண்மையாய் ஒரு பிழை வந்தால் எப்பிடித் தெரியும்?"

"உப்பிடிக் கதைக்கிற ஆக்களாலைதான் எங்கடை சனம் இந்த நிலையிலை இருக்குது."

எங்கடை சனம் என்றதும் சுஹைர் ஸ்பனரைக் கீழே வைத்தான். தொண்ணூறாம் ஆண்டில் மற்ற முஸ்லிம்களோடு அவனுடைய குடும்பமும் யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தப்பட்டபோது ஏரம்பர் மகஜர் எதுவும் எழுதவில்லை. அந்த ஞாபகம் ஏரம்பருக்கு ஒருகணம் வந்தது. இருக்க இடம் கிடைக்காமல் போய்விட்டது.

பச்சை ஸ்டிக்கர் ஊரெங்கும் பரவியது. ஸ்டிக்கர் இல்லாத வாகனம் போராடாத வாகனம் என்று பேசிக்கொண்டார்கள். நெல்லியடியில் கனடா மாப்பிள்ளை ஒருவர் கலியாணக் காருக்கும் ஒன்று கேட்டார். விளக்கு எரியாத புது வாகனக்காரர்கள் சுஹைரிடம் வந்து, எரிய வைத்துத் தரும்படி மன்றாடினார்கள்.

ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, நாவற்குழிப் பாலத்தில் ஏரம்பரின் வான் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. பிறகு அசையவில்லை.

"முன்னுக்கு விளக்கு ஒண்டும் எரியேல்லையோ தம்பி?" என்று அருந்ததி கேட்டார்.

"எரிஞ்சது அக்கா. ஒரு மாதமாய் எரியுது."

அருந்ததி வீங்கிய கால்களோடு இறங்கி, பின்னால் வந்த பஸ்ஸில் மற்ற நால்வருடனும் ஏறினார். இருக்க இடமில்லை. சாரதிக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் ஸ்டியரிங்குக்கு அப்பால் சின்னதாக ஒரு மஞ்சள் வெளிச்சம் கண்ணில் பட்டது.

"தம்பி, உதிலையும் விளக்கு எரியுது."

கண்டக்டர், பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கரை விரலால் தட்டிக் காட்டினான்.

"பயப்பிடாதைங்கோ அம்மா. அது சட்டப்படி எரியேல்லை."