ஹோரிகுச்சி சாரின் இலை

ஹோரிகுச்சி சாரின் இலை மறுபடியும் காலியாகிவிட்டது.

வெறும் காலி இல்லை. கறிவேப்பிலைகூட மிச்சமில்லாமல் பளபளத்தது. பார்த்ததும் பொன்னியம்மாளின் கை தானாகக் கரண்டிக்குப் போனது.

"போதும்மா," என்று பல்லைக் கடித்தான் மகன் சரத்குமார்.

"இன்னாடா போதும்? இலை காலியா இருக்குது."

"ஜப்பான்ல சோத்த மிச்சம் வைக்கறது தப்புமா. நீ போடறதாலதான் அவரு சாப்புடறாரு."

"அவரு சாப்புடறதாலதான்டா நான் போடறேன்!"

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனியில் ஹோரிகுச்சிதான் சரத்துக்கு மேலதிகாரி. அன்று அவன் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தார். கியோட்டோவில் ஆறு மாதப் பயிற்சிக்கு ஒரே ஓர் ஆளை அனுப்புகிறார்கள். யார் என்று சொல்லவேண்டியவரும் அவரே. சரத் மொபைலிலேயே கியோட்டோவின் பழைய தெருக்களை நடந்து முடித்திருந்தான். சொந்தப் பிள்ளையார்பாளையத்தில் யாராவது வழி கேட்டால் திணறுவான். கியோட்டோவில் எந்தச் சந்தில் திரும்பினால் தேநீர்க்கடை என்று தூக்கத்திலும் சொல்வான். அந்த வீடியோக்கள் அவனுக்கு இரண்டு பாடம் சொல்லியிருந்தன. இலையில் மிச்சம் வைக்காதே. பெரியவர் முடிப்பதற்கு முன் நீ முடிக்காதே.

ஆகவே சரத்தின் இலையும் காலியானது. அதிலும் சோறு விழுந்தது.

"போதும்னா இலைய மடிக்கணும்டா," என்று முணுமுணுத்தாள் அம்மா.

"அது அவருக்கு எப்பிடிமா தெரியும்?"

"அப்ப நீ மடிச்சுக் காட்டு."

"அவருக்கு முன்னாடி மடிச்சா கியோட்டோ காலி! கெட்டியா எதுனா குடு, தன்னால நிறுத்திடுவாரு."

கோயில் இட்லி வந்தது. ஒரு முழத்துக்கு நீண்ட இட்லியை ஹோரிகுச்சி சற்று நேரம் பார்த்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார். சாப்பிட்டார். மரியாதைக்காக சரத்தும் கண்ணை மூடிக்கொண்டான்.

"மோரு ஊத்தும்மா. முடிஞ்சிதுன்னு புரிஞ்சிக்குவாரு."

"வெறும் மோர ஊத்த இது இன்னா தண்ணிப் பந்தலா?" என்று முதலில் சோற்றைப் போட்டாள்.

நல்லவேளையாகப் பானை தீர்ந்தது. சரத் மூச்சுவிட்டான். அந்த மூச்சு முடிவதற்குள் பொன்னியம்மாள் பின்கட்டு வழியாகப் போய், பக்கத்து வீட்டு சிட்டிபாபுவோடு திரும்பினாள். அவர் வீட்டில் அன்று வளைகாப்பு. கையில் அண்டா.

"சாரு நல்லா சாப்புடறாராமே! எங்க வூட்டு புளிசாதம் சாப்டு சொல்லட்டும்!"

ஹோரிகுச்சி யாரும் பார்க்காத மாதிரி பெல்ட்டைத் தளர்த்தினார். சரத் பார்த்துவிட்டான். அவனும் தளர்த்தினான். வாசலில் கம்பெனி கார் ஓட்டுநர் டேனியல், ஒரு தடவை சாப்பிட்டு இலையை மடித்துப் போட்டுவிட்டு, காருக்குள் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் அண்டாவும் தீர்ந்தது. "அவ்ளோதான் சார்," என்று பொன்னியம்மாள் கண் கலங்கினாள். ஹோரிகுச்சியும் கண் கலங்கினார். கூடத்தின் ஓரத்தில் இருந்த கைத்தறியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். குனிந்து வணங்கப் பார்த்தார், வயிறு விடவில்லை. சரத்தும் பார்த்தான், அவனுக்கும் விடவில்லை. இருவரும் விறைப்பாக நின்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் கம்பெனி வாசலில் டேனியல் தனியாகத்தான் வந்து நின்றார்.

"சாரு எங்கண்ணே?"

"லீவு. வயிறு."

"போச்சு. கியோட்டோ போச்சு."

"ஏன்பா போவுது? உன் பேர நேத்து கார்லயே சொல்லிட்டாரு. இப்பிடி ஒரு பொறுமைசாலிய பாத்ததில்லைன்னாரு. ஆனா உன்னாண்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு."

"இன்னாண்ணே?"

"நம்மூருக்கு வந்து இத்தினி வருஷமாச்சு, இலைய மடிக்க அவருக்குத் தெரியாதா? கூட உக்காந்தவரு சாப்புடும்போது மடிச்சா மரியாதை இல்லைன்னுதான் அவ்ளோ நேரம் உன்னையே பாத்துக்கினு இருந்தாராம். நீ ஏன்பா கடைசிவரைக்கும் மடிக்கவே இல்ல?"