அடுத்த படகில் வரும் கணவர்

“தனியாவா?” என்று கேட்டாள் காபிக்கடை பல்மீரா.

கேட்ட தோரணைதான் எர்சீலியாவுக்குப் பொறுக்கவில்லை. ‘எத்தனை நாளாகக் காய்ச்சல்?’ என்று விசாரிப்பது போன்ற குரல். காலையில் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் இதே குரலில் கேட்டார். ஏரிக்கரை ஊரான வரென்னாவில் இறங்கியதும் ஸ்டேஷன் வாசலில் குடை விற்கிறவரும் கேட்டார். இப்போது இவள்.

எர்சீலியா கிரெமோனா நகராட்சியில் திருமணப் பதிவுப் பிரிவில் எழுத்தர். ஐம்பதை நெருங்கும் வயது. ஊரார் கல்யாணங்களுக்கெல்லாம் முத்திரை குத்திக் குத்தியே தனக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றாமல் போய்விட்டது. அதில் அவளுக்கு எந்த வருத்தமும் கிடையாது. வருத்தமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில்தான். அக்கா வீட்டு மேஜையைச் சுற்றி அக்கா, அத்தான், பிள்ளைகள், மருமகள்கள், மருமகள்களைப் பெற்றவர்கள் என்று ஒரு படையே உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேசும். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் எர்சீலியாவுக்கு யாரையாவது பார்க்க வேண்டும் என்பதில்தான் வந்து நிற்கும்.

அதனால்தான் கூட்டமெல்லாம் ஓய்ந்த இந்த நவம்பர் மாதத்தில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு கோமோ ஏரிக்கு வந்திருந்தாள். அவளுடைய ஆசை ரொம்பச் சின்னது. ஜன்னலோரம் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்தபடி, யாரும் எதுவும் கேட்காமல், வெண்ணெயில் குழையக் கிண்டிய மீன் ரிசோட்டோ சோறு ஒரு தட்டு சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

பல்மீரா காபியோடு கேட்காத பிஸ்கட் ஒன்றையும் வைத்தாள். அப்புறம் எர்சீலியாவின் தோளைத் தடவிக் கொடுத்தாள்.

“அழாதம்மா.”

“நான் அழல. மழையில நனைஞ்சிருக்கேன்.”

“எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. எனக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தர் இருக்காரு. பெண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டா. பல்லெல்லாம் சொந்தப் பல்லு—”

“என் வீட்டுக்காரர் அடுத்த படகுல வர்றாரு!” என்றாள் எர்சீலியா.

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் நன்றாக வேலை செய்தது. பல்மீராவின் முகத்தில் இருந்த இரக்கம் போன இடம் தெரியவில்லை. எர்சீலியா நிம்மதியாகக் காபியைக் குடித்துவிட்டுக் குடையை எடுத்தாள்.

“எங்க கிளம்பிட்ட? புருஷன் வர்ற நேரத்துல ஊரை விட்டுப் போறியே?”

“அவரு இங்க வரல. கோமோவிலேர்ந்து நேரா எதிர்க்கரை பெல்லாஜியோவுக்கு வர்றாரு.”

“அதை முதல்லயே சொல்லக் கூடாது? அங்க இந்த சீசன்ல திறந்திருக்கிற ஒரே சாப்பாட்டுக்கடை என் தங்கச்சி ஆர்மீதாவோடதுதான்!” பல்மீரா அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டாள். “ஆர்மீதா! ஜன்னலோரம் ரெண்டு பேருக்கு மேஜை போடு!”

செய்தி எர்சீலியாவுக்கு முன்னாலேயே படகேறியிருந்தது. படகில் அவளைத் தவிர வேறு பயணி இல்லை. கயிறு வீசிக் கட்டுகிற துல்லியோ பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

“வீட்டுக்காரரு கோமோவிலேர்ந்து வர்றாராமே? பேரு என்னம்மா?”

“ஒரெஸ்தே,” என்றாள். பதிவேட்டில் நேற்று எழுதிய கடைசி மாப்பிள்ளையின் பெயர் அது.

“நல்ல பேரு,” என்று சொல்லிவிட்டு, துல்லியோ எதற்கோ சந்தோஷமாகச் சிரித்தான்.

பெல்லாஜியோவில் கடைகள் பெரும்பாலும் இழுத்து மூடிக் கிடந்தன. ஓட்டல் வாசல்களில் நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். துறையில் குடையோடு ஆர்மீதாவே வந்து நின்றிருந்தாள். தப்பிக்க வழியில்லை. ஆனால் மேஜை ஜன்னலோரம்தான். ஏரியும் முழுசாகத் தெரிந்தது. எர்சீலியாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“மீன் ரிசோட்டோ கொடுங்க.”

“தாராளமா. அவரு வந்து உட்காரட்டும், அரிசியைப் போட்டுடறேன்.”

“எனக்கு மட்டும் இப்பவே போட்டுடுங்களேன்.”

ஆர்மீதா கையிலிருந்த துண்டை மேஜைமேல் வைத்தாள். “ஒருத்தருக்கு ரிசோட்டோவா? ரெண்டு பேராவது உட்கார்ந்தாத்தாம்மா எங்க அடுப்புல அரிசி விழும்.”

எர்சீலியாவுக்கும் அது தெரிந்த விஷயம்தான். கிரெமோனாவிலும் அப்படித்தான். ஒற்றை ஆளுக்கு ரிசோட்டோ கிண்டுகிற சமையல்காரர் நாட்டிலேயே கிடையாது. இது எப்படித் தனக்கு முன்னாலேயே உறைக்காமல் போயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இனி அந்த இல்லாத மனிதர் வந்தால்தான் சாப்பாடு.

கோமோ படகு வந்தது. ஒரு கிழவியும் அவளுடைய நாயும் இறங்கினார்கள்.

“காணோமே!” என்றாள் ஆர்மீதா.

“அவருக்கு வழி சரியாத் தெரியாது. மெனாஜியோவில இறங்கியிருப்பாரு. நீங்க எனக்கு ரொட்டியாவது—”

ஆர்மீதா மெனாஜியோ துறைக்குப் போன் போட்டாள். அங்கே யாரும் இறங்கவில்லை. ஆர்மீதா சத்தமாகப் பேசியதில் எதிர்க்கடை முடிதிருத்துகிறவர் உள்ளே வந்தார். அவர் பின்னாலேயே மருந்துக்கடைக்காரி வந்தாள். இரண்டு பேர் கடையிலும் வாடிக்கையாளர் நுழைந்து நாளாகியிருந்தது.

“வீட்டுல ஏதாவது சண்டையா?” என்று மெதுவாக ஆரம்பித்தார் முடிதிருத்துகிறவர்.

“எங்களுக்குள்ள சண்டையே கிடையாது.”

“சண்டையே கிடையாதா?” அவர் முகம் வெளுத்துவிட்டது. “அப்போ மனசுக்குள்ளயே எவ்வளவு வச்சிருந்தாரோ மனுஷன்!”

“நீச்சல் தெரியுமா அவருக்கு?” என்றாள் மருந்துக்கடைக்காரி.

தெரியாது என்றால் பதறிவிடுவார்கள். “ரொம்ப நல்லாத் தெரியும்!” என்றாள் எர்சீலியா.

“ஐயையோ! அப்போ தண்ணிக்குள்ள இறங்கிட்டாரு!”

கொஞ்ச நேரத்தில் வெளியே ஒரு மோட்டார் படகு உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது. எர்சீலியாவுக்குப் பசி போய்ப் பயம் வந்தது. “அவரு எப்பவுமே லேட்டாத்தான் வருவாரு, நான் சாப்பிட ஆரம்பிச்சுடறேன்,” என்று கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தாள். “புருஷனைக் காணோம், இவளுக்குச் சோறு கேக்குது,” என்று மருந்துக்கடைக்காரி முணுமுணுத்தது நன்றாகவே காதில் விழுந்தது.

தொப்பியிலிருந்து மழைநீர் சொட்டச் சொட்ட ஊர்க் காவல் அதிகாரி உள்ளே வந்தார்.

“அடையாளம் சொல்லுங்கம்மா.”

எர்சீலியா விழித்தாள். எதிரே முடிதிருத்துகிறவர் நின்றிருந்தார். “குட்டையா இருப்பாரு. தொப்பை உண்டு. மீசை, இப்படிக் கீழ் நோக்கி...”

முடிதிருத்துகிறவர் தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“கோட்டு?”

அவள் ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தாள். “பழுப்பு.”

“சரி. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

பேனாவைக் கையில் வாங்கியபோதுதான் அவளுக்குத் தன் உத்தியோகம் ஞாபகம் வந்தது. அரசாங்க அதிகாரியிடம் பொய்த் தகவல் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களையெல்லாம் அதைச் சொல்லித்தானே இத்தனை வருஷமாக மிரட்டியிருக்கிறாள்! வழக்கு வரும். வேலை போகும். அக்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன பேச்சு நடக்கும் என்று நினைத்தபோது வேலை போவதே தேவலை என்று தோன்றியது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

“ஐயா, உண்மையைச் சொல்லிடறேன். ஒரெஸ்தேங்கிற ஆளு—”

“கிடைச்சுட்டாரு!” என்று வாசலிலிருந்து ஒரு கூச்சல். “ஒரெஸ்தே கிடைச்சுட்டாரு!”

உள்ளே வந்தவர் நெடுநெடுவென்று ஒல்லியாக இருந்தார். மீசை இல்லை. தலை கலைந்திருந்தது. போட்டிருந்த கோட்டு நீலம். நேராக எர்சீலியாவிடம் வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

“கோவிச்சுக்காதம்மா. தப்பான படகுல ஏறிட்டேன்.”

அதிகாரி தாளைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

“குட்டைன்னு சொன்னீங்க?”

“கோவத்துல சொல்லிட்டேன்,” என்றாள் எர்சீலியா.

“மீசை?”

“இன்னிக்குக் காலையிலதான் எடுத்தேன்,” என்றார் வந்தவர் வருத்தமாக. “அவ இன்னும் கவனிக்கவே இல்ல.”

“பெண்டாட்டி சொல்ற அடையாளத்துக்கு எந்தப் புருஷன் பொருந்தியிருக்கான்!” அதிகாரி தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். “எல்லாரும் கிளம்புங்க. அவங்க ரெண்டு பேரும் நிம்மதியா சாப்பிடட்டும்.”

அடுப்பில் அரிசி விழுந்தது.

கூட்டம் கலைந்ததும் எர்சீலியா மேஜைமேல் குனிந்தாள். “யாருங்க நீங்க?”

“வர்ற சூட்டோட சாப்பிடணும். ஆறினா நல்லா இருக்காது,” என்றார் அவர்.

“என்னால உங்க பயணமே கெட்டுப்போச்சு. என்னை மன்னிச்சுடுங்க.”

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஏரியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

வெண்ணெய் மணக்க மணக்க ரிசோட்டோ வந்தது, மேலே பொன்னிறமாகப் பொரித்த ஏரி மீன் துண்டுகளோடு. ஜன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது. யாரும் அவளைத் தடவிக் கொடுக்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆசைப்பட்டது ஆசைப்பட்டபடியே நடந்துகொண்டிருந்தது, எதிர் நாற்காலியில் ஒரு புருஷன் உட்கார்ந்திருந்ததைத் தவிர. எர்சீலியா மகிழ்ச்சியாக இருந்தாள். ரொம்ப நாளைக்கப்புறம், மனசு நிறைய.

பாவம், இவரும் தன்னைப் போலத் தனியாக வந்த யாரோதான் என்று நினைத்துக்கொண்டாள். துறையில் நின்றவரை ஊரே பிடித்து இழுத்து வந்திருக்கிறது. தான் மாட்டிக்கொண்டு விழிப்பதை ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, முன்பின் தெரியாத ஒருத்திக்காகப் புருஷன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். எப்பேர்ப்பட்ட மனசு! புருஷன் என்பவன் இப்படிப் பேசாமல் சாப்பிடுகிற ஆளாக இருந்தால், அக்கா இத்தனை வருஷமாகச் சொன்னதைக் கொஞ்சம் காதில் வாங்கியிருக்கலாமோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அதைத் தண்ணீர் குடித்து விழுங்கினாள்.

சாயங்காலம் கடைசிப் படகுக்கு ஊரே வழியனுப்ப வந்தது. ஆர்மீதா கேக்கைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தாள். முடிதிருத்துகிறவர், “அடிக்கடி சண்டை போடுங்க, உடம்புக்கு நல்லது,” என்று புத்தி சொன்னார். எர்சீலியா படகில் ஏறி, பின்னால் வருகிறவருக்குக் கை கொடுக்கத் திரும்பினாள்.

பின்னால் யாரும் இல்லை. துல்லியோ பலகையை இழுத்துவிட்டான். படகு நகர்ந்துவிட்டது. ஒல்லி மனிதர் கரையில் அதிகாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“நிறுத்துங்க!” என்று அலறினாள் எர்சீலியா. காலையிலிருந்து சொன்ன பொய் எதற்கும் இவ்வளவு குரல் எழும்பியிருக்கவில்லை. “என் வீட்டுக்காரர் இன்னும் ஏறல! இதுதான் கடைசிப் படகு! ராத்திரி எங்க தங்குவாரு அவரு?”

துல்லியோ கயிற்றைச் சுருட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னான்: “அவரு வீட்டுலதாம்மா. நம்ம அதிகாரியோட மச்சான். கோடையில ஐஸ்கிரீம் விப்பாரு, சீசன் முடிஞ்சா தனியா வர்ற பொம்பளைங்களுக்கெல்லாம் அவருதான் புருஷன்.”