வாய்க்காலில் ஒரு மரகதம்

தேநீர்க் கடை வாசலில், மாட்டோடு வந்த சுப்பம்மா உள்ளங்கையை விரித்ததும் அஜந்தன் தேநீரைக் கீழே வைத்தான். அது அவன் வெட்டிய கல்.

கல் என்றுகூடச் சொல்ல முடியாது. பச்சைச் சோடாப் போத்தலின் அடித்துண்டு. கிளிநொச்சியில் மாணிக்கக் கல் வெட்டப் பழக்கும் மாலை வகுப்பில் புதியவர்களுக்குப் போத்தல் கண்ணாடிதான் கொடுப்பார்கள். அதைக் குச்சி நுனியில் மெழுகால் ஒட்டி, சுழலும் தட்டில் பிடித்துப் பட்டை தீட்ட வேண்டும். அஜந்தன் அளந்து, அளந்தது சரியா என்று மறுபடி அளந்துதான் தட்டில் வைப்பான். அப்படியும் ஒரு பட்டை கோணிவிட்டது. வெட்கம் தாங்காமல், தர்மபுரத்துக்குச் சைக்கிளில் திரும்பும் வழியில், தூர்ந்து கிடந்த வயல் வாய்க்காலில் அதை வீசிவிட்டான்.

"வாய்க்கால்ல கெடந்துச்சுங்க. என்னான்னு பாருங்க" என்றாள் சுப்பம்மா.

ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புத் தலைவர் யோகலிங்கம் அதை வாங்கி வெயிலுக்குப் பிடித்தார். "மரகதம்! வன்னி ராசாவின்ர மாலையில இருந்து விழுந்திருக்கு. மிச்சமும் அங்கதான் கிடக்கும்!"

அந்த வாய்க்காலைத் துப்புரவாக்க அவர் மூன்று தடவை சிரமதானத்துக்கு, கூலியில்லாத ஊர்வேலைக்கு, கூப்பிட்டும் ஒரு குஞ்சும் வரவில்லை. இப்போது கல்லைச் சுப்பம்மாவிடமே விட்டு, குடித்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எல்லோரும் மண்வெட்டி எடுக்க ஓடினார்கள்.

அஜந்தன் பின்னால் ஓடினான். "அண்ணை, அது சோடாப் போத்தல். நான்தான் வெட்டினனான்."

"நீயோ? போன மாசம் வகுப்புக்குச் சேர்ந்த நீ இவ்வளவு வடிவா வெட்டினனீ?" என்றார் யோகலிங்கம்.

அஜந்தனுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

"எங்களைக் கலைச்சுப்போட்டுத் தனியத் தோண்டப் பாக்கிறாய், என்ன?"

கல் வெட்டத் தெரிந்தவனே மறைக்கிறான் என்றால் சும்மா இருக்குமா என்று ஊர் பேசிக்கொண்டது. பின்னேரம் பக்கத்து ஊரான கண்டாவளையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

அஜந்தனுக்குச் சோறு இறங்கவில்லை. உண்மை தெரிந்தால், இத்தனை பேரை வெயிலில் மாய வைத்தவன் என்று ஊரே அவனை மிதிக்கும். அம்மா வகுப்பையும் நிறுத்திவிடுவா. நன்றாக யோசித்து, நியாயமாகப் பேசிப் பார்த்தான்.

"அண்ணை, ராசா காலத்துச் சாமான் இப்பிடி மேல் மண்ணில கிடக்குமோ?"

யோகலிங்கம் நெற்றியைத் தேய்த்தார். "சரியான கேள்வி. டேய், ஆழமாத் தோண்டுங்கோ!"

அடுத்த நாள் பள்ளம் இடுப்பளவு ஆனதும் அஜந்தன் மறுபடி போனான். "இவ்வளவு தோண்டியும் இல்லையெண்டால், இந்த இடத்தில ஒண்டும் இல்லை அண்ணை. விடுங்கோ."

"ஓம், ஓம். மாரி வெள்ளம் கீழ இழுத்துக்கொண்டு போயிருக்கும். கடைசி வயல் வரைக்கும் தோண்டிக்கொண்டு போவம்!"

இனி வாயே திறப்பதில்லை என்று அஜந்தன் முடிவு செய்தான்.

கடைசி வயலைத் தொட்ட மறுநாள் குளத்துக் கதவைத் திறந்தார்கள். பாதி வழியிலேயே படுத்துவிடுகிற தண்ணீர், இந்த முறை இரைந்துகொண்டு கடைசி வரப்பு வரை ஓடியது. வாய்க்காலுக்குள் நின்றவர்கள் மரகதத்தை மறந்து தங்கள் தங்கள் வயலுக்கு மடை திறக்க ஓடினார்கள். "என்ர நாலாவது சிரமதானம் எப்பிடி?" என்று யோகலிங்கம் மார்தட்டினார். அஜந்தனைத் தேட ஒருவருக்கும் நேரமில்லை. அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வரப்பில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவனைச் சுப்பம்மா மறித்தாள். கடைசி வயல் அவளுடையது. நாற்றுக்கெல்லாம் கணுக்கால் அளவு தண்ணீர். அவள் சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, பச்சைக் கல்லை அவன் கையில் வைத்தாள்.

"நீங்க இத வீசினப்ப மாட்டோட அங்கனதான் நின்னேன் தம்பி. கெழக்கு வாய்க்காலும் தூர்ந்துதான் கெடக்கு, சிவப்பில ஒண்ணு வெட்டித் தாங்களேன்."