விளம்பரத்து வெள்ளை

“உதயன், இது வெள்ளையோ?”

கோசலை தன் உணவகத்தின் மேசைவிரிப்பைச் சுவரில் தொங்கிய விளம்பரத்தோடு சேர்த்துப் பிடித்தார்.

பாரிஸின் லா சப்பலில் உதயன் நடத்தும் சலவைக் கடையில், போன வாரம் பழைய அலுமாரியைப் பெயர்த்தபோது பின்னால் ஒட்டிக்கிடந்த விளம்பரம் அது. 1975ஆம் ஆண்டு. சலவைக் கடைகளுக்கான ஏதோ வெளுப்புத் தூள். ஒரு பெண் சிரித்தபடி மேசைவிரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். மேலே பிரெஞ்சில், ‘புதியதைவிட வெள்ளை!’ வெயில் படாமல் இருந்ததால் பளிச்சென்று இருந்தது. அழகுக்காகக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்.

“பத்து வருசமா இப்பிடித்தானே அக்கா தோய்ச்சுத் தாறன்?”

“பத்து வருசமா நான் உதைப் பாக்கேல்லையே! சனிக்கிழமை கலியாணச் சாப்பாடு. உந்த வெள்ளை வேணும். ஏலாதெண்டால் சொல்லும், வேறை இடம் பாக்கிறன்.”

கடை ஓடுவதே கோசலையின் விரிப்புகளால்தான். உதயன் தலையாட்டினார்.

சோடாவைக் கூட்டிப் போட்டார். மஞ்சள் கறையெல்லாம் சிவந்தது. சிவப்பைப் போக்க ஜாவேல் என்ற வெளுப்பு நீரை ஊற்றினார். சிவப்பு போனது, துணி பழுப்பேறியது. பழுப்பை மறைக்க நீலம் போட்டார்.

“இஞ்சரப்பா, இதென்ன, வானத்தைத் தோய்ச்சிருக்கிறியள்?” என்றாள் மனைவி நிரோஜினி.

உதயனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விளம்பரம் வந்த நாள் முதல், அவர் தோய்த்த எதுவுமே அவர் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியவில்லை. போட்டிருந்த சட்டைகூட. இத்தனை வருடமும் ஊத்தையைத்தான் மடித்துக் கொடுத்தோமோ என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை இருபது புது விரிப்புகளை வாங்கிவந்து, நடந்ததைக் கடைக்கு வந்த கோசலையிடம் சொன்னார்.

“சரி, புதுசெண்டால் நல்லதுதானே.” கோசலை ஒன்றைப் பிரித்து விளம்பரத்தோடு சேர்த்துப் பிடித்தார். முகம் சுருங்கியது. “உதயன், புதுசும் உப்பிடி இல்லையே!”

உதயன் பார்த்தார். உண்மைதான்.

தன் கோட்டை வாங்கக் காத்துநின்ற பாண்டிச்சேரிக்காரர் ரேமண்ட், எழுபத்தைந்து வயதுக்காரர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளம்பரத்தின் அடியில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தார்.

“அட, இது எங்க அச்சாபீஸ்ல அடிச்ச விளம்பர அஃபிஷ்! நான்தான் மெஷின்ல நின்னேன். அந்தப் பொம்பளை கவுனுக்குச் சிவப்பு, பின்னால வானத்துக்கு நீலம். துணிக்கு மட்டும் மை போடலைங்க. அது வெறும் காகிதம்.”