யூனிபாரம் பார்த்துச் சேர்த்த நர்சிங் காலேஜ்

அருள்புரம்,
சனிக்கிழமை காலை.

வெள்ளகோவிலில் மருந்துக்கடை நடத்திவருபவரும், என் மனைவி நிர்மலாவின் உடன்பிறந்த அண்ணனுமாகிய மதிப்பிற்குரிய மச்சான் சசிகுமார் அவர்களுக்கு,

வெள்ளையன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே யாரும் நலமாக இல்லை. அங்கே நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுவான் என்று நீங்கள் கேட்கலாம். புதன்கிழமை சாயங்காலம் நான் போனில் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள், "நான்தான் அன்னைக்கே சொன்னேனுங்களே மாப்ள" என்றீர்கள் பாருங்கள், அந்த ஆத்திரத்தில் உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். எப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எடுத்துவிடவும் தெரியவில்லை. எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் என் மகள், அதாவது உங்கள் மருமகள் சித்ரகலா, அவள் என்னோடு பேசுவதில்லை. நிர்மலாவின் போனைக் கேட்டால், எங்க அண்ணனைத் திட்டறதுக்கு என் போன் எதுக்குங்க என்கிறாள். ஆகவே கடிதம். காங்கேயம் வழியாகப் போகிற பஸ்ஸின் கண்டக்டர், உங்கள் கடையில் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை வாங்குகிறவர், கையோடு கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். படித்துவிட்டு உங்களுக்கும் நெஞ்சு எரிந்தால் மாத்திரை கடையிலேயே இருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் தப்பு யார் பேரில் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். சித்ரகலா பிளஸ் டூ முடித்ததும் நர்சிங்தான் படிப்பேன் என்று சொன்னாள். நான் யாரைக் கேட்டேன்? மருந்துக்கடைக்காரர் ஆயிற்றே என்று உங்களைக் கேட்டேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? ரெண்டு வருசப் படிப்பு ஒன்று, மூணு வருசப் படிப்பு ஒன்று, நாலு வருசப் படிப்பு ஒன்று என்று அடுக்கினீர்கள். பனியனுக்கு சைஸ் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, எது நம்ம பொண்ணுக்கு அளவு என்று மட்டும் சொல்லவில்லை. கடைசியில், நேரில் போய் நல்லா விசாரித்துப் பாருங்க என்றீர்கள். நர்சிங் கவுன்சில் லிஸ்டில் பேர் இருக்கிறதா என்று பாருங்க என்றும் சொன்னீர்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொன்னது போனை வைக்கப்போகிற நேரத்தில். முக்கியமான சங்கதியை யாராவது போனை வைக்கும்போது சொல்வார்களா?

நான் நேரில் போனேன். முதலில் தாராபுரம் ரோட்டில் இருக்கும் அந்தப் பழைய காலேஜுக்கு. நான் இருபது வருசமாக பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதியில் இருக்கிறவன், எனக்குப் பார்க்கத் தெரிந்த விதத்தில்தானே நான் பார்க்க முடியும்? அங்கே படிக்கிற பிள்ளைகளின் யூனிபாரத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போய்க் கிடந்தது. தோள்பட்டைத் தையல் சுருங்கி இருந்தது. ஒரு பிள்ளைக்குச் சட்டையின் ஒரு கை முன்னாலும் ஒரு கை பின்னாலும் திரும்பி இருந்தது, எங்கள் கம்பெனியில் அந்த பீஸ் மேசையைத் தாண்டியிருக்காது. அங்கே இருந்த பிரின்சிபால் அம்மாவிடமே சொன்னேன், அம்மா, நூலைச் சரியாகப் பிடிக்காத இடத்தில் ஊசி போட எப்படிங்க சொல்லிக் கொடுப்பீங்க என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அடுத்து பல்லடம் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி. வாசலில் நின்ற பிள்ளையின் யூனிபாரத்தை, அவளிடம் அனுமதி கேட்டு, ஓரத்தை மட்டும் திருப்பிப் பார்த்தேன் மச்சான், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. நல்ல கனமான துணி, நெருக்கமான தையல், பாக்கெட் முனையில் கிழியாமல் இருக்கப் போடுகிற பார்டாக் தையல், தேடினாலும் ஒரு பிசிர் இல்லை. துணியிலேயே இவ்வளவு சுத்தம் பார்க்கிறவன் படிப்பில் எவ்வளவு பார்ப்பான் என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டு, அன்றைக்கே சித்ரகலாவைச் சேர்த்துவிட்டேன். சரிபார்க்க என்று சொல்லி ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சித்ரகலா என் முதுகுக்குப் பின்னால் நின்று, கவுன்சில் பேரைப் பார்க்கலீங்களாப்பா என்று கேட்டாள். தையலைப் பாரு கண்ணு என்று சொன்னேன். இதெல்லாம் நீங்கள் கூட வந்திருந்தால் நடந்திருக்குமா? கடையைச் சாத்திவிட்டு ஒரு நாள் வர முடியவில்லை உங்களுக்கு.

சேர்ந்தபின் தினமும் என்ன கண்ணு சொல்லிக் கொடுத்தாங்க என்று கேட்பேன். கட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தாங்க என்பாள். மறுநாள் கேட்டாலும் கட்டுத்தான். ஒரே கட்டை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் ஒரு நாள், நாளைக்கு வேனில் பிராக்டிகலுக்குக் கூட்டிப் போகிறாங்க என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, செக்கிங் மேசையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

அந்த நாளைக்கு, அதாவது இந்தப் புதன்கிழமை, எங்கள் கம்பெனியில் பையர் ஆடிட். உங்களுக்கு அது தெரியாது, சொல்கிறேன். ஆடிட் என்றால் எங்களிடம் பனியன் வாங்குகிறவன் ஆள் அனுப்பிக் கம்பெனியைச் சோதிக்கிற நாள், எங்களுக்குப் பொண்ணு பார்க்க வருகிற நாள் மாதிரி. பாத்ரூமில் சோப்பு வரும். எல்லார் முகத்திலும் மாஸ்க் ஏறும். வருசம் முழுக்க அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும் முதலுதவி ரூமைக் காலி செய்து, ஒரு கட்டில் போட்டு, வெள்ளைத்துணி விரித்து, ஒரு நர்ஸை உட்கார வைப்பார்கள். கேட்டால், தினமும் சிஸ்டர் வர்றாங்க என்று சொல்லும்படி என் பகுதி ஆட்களுக்கு நான்தான் சொல்லித் தருவேன். அந்த நர்ஸ் எங்கிருந்து வருகிறாள், சாயங்காலம் எங்கே போகிறாள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எனக்கு அது எதுக்கு, என் வேலை பனியன் பார்ப்பது.

ஆடிட் செய்ய வந்த அம்மா சென்னைக்காரர், தமிழ் தெரிந்தவர். அவரோடு நாங்கள் நாலைந்து பேர் முதலுதவி ரூமுக்குப் போகிறோம். ஹெச்.ஆர். தம்பி கதவைத் திறக்கிறார். உள்ளே, பிசிர் இல்லாத அந்த யூனிபாரத்தில், உட்கார்ந்திருக்கிறாள் மச்சான், உங்கள் மருமகள். என்னைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டாள். நான் யாரோ மாதிரி சுவரைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

இதற்குள் சிங்கர் மிஷினில் தைக்கிற நாகஜோதி, தெற்கேயிருந்து வந்த பிள்ளை, விரலில் ஊசி ஏறி, கையைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தோடு வந்துவிட்டாள். ஆடிட் நாள் பார்த்தா ஊசி ஏறும்? ஹெச்.ஆர். தம்பி, சிஸ்டர் சீக்கிரம் கட்டுப் போடுங்க என்று கண்ணைக் காட்டினார். நானும் காட்டினேன், பொய் சொல்வானேன். தெரிந்த ஒரே வேலை கட்டுத்தானே, போட்டால் தீர்ந்தது. சித்ரகலா அந்த விரலைத் திருப்பிப் பார்த்தாள். உடைந்த ஊசியில் பாதி எங்கே என்று நாகஜோதியைக் கேட்டாள். தெரியலக்கா என்றது அந்தப் பிள்ளை. அப்போது உங்கள் மருமகள் நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அப்பா, ஊசி உள்ள இருக்குதுங்க. எனக்கு எடுக்கத் தெரியாதுங்க. நான் நர்ஸ் இல்லீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவ்வளவுதான். சுவர் கூட என்னைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. கம்பெனி வண்டியில் நாகஜோதியைக் கூட்டிப்போய், எக்ஸ்ரே எடுத்து, ஊசி முனையை வெளியே எடுத்தார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறாள். ஆடிட் அம்மா சித்ரகலாவைப் பக்கத்தில் உட்கார வைத்து விசாரித்துவிட்டு, இந்த இன்ஸ்டிட்யூட் கவுன்சில் லிஸ்டிலேயே இல்லைம்மா, இதில் எத்தனை வருசம் படிச்சாலும் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு ஆடிட் பெயில். எம்.டி. என்னைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகளை உங்களுக்கு எழுதினால் காகிதம் தாங்காது. அன்று சாயங்காலம்தான் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்களும் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னீர்கள்.

வியாழக்கிழமை வெட்கத்தை விட்டு அந்தப் பழைய காலேஜுக்குப் போனேன். பிரின்சிபால் அம்மா என்னைப் பார்த்ததும், தையல் சரியில்லைன்னு சொன்னவர்தானுங்களே என்று கேட்டார். ஆமாங்க என்றேன், தரை பிளந்தால் இறங்கியிருப்பேன். ஆனால் நல்ல மனுஷி. மூணு வருசப் படிப்பில் ஒரு பிள்ளை விலகிப் போனதால் ஒரு சீட் இருக்கிறது, திங்கட்கிழமை ஒரிஜினலோடு வந்தால் சேர்த்துக்கொள்கிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றார். வேற ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

நேற்று, அதாவது வெள்ளிக்கிழமை, சித்ரகலாவைக் கூட்டிக்கொண்டு இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் சர்டிபிகேட்டைக் கேட்டேன். தாளாளர் முதலில் படிப்பு முடியாமல் ஒரிஜினல் வெளியே போகாது என்றார். நான் ஆடிட் அம்மா பேரை எடுத்ததும் குரல் இறங்கிவிட்டது. உள்ளே போய் ஒரு கவரைக் கொண்டுவந்து, உங்க பொண்ணோடதை வாங்கிக்கிட்டுப் போயிருங்க, மத்த புள்ளைக அப்பன்மாருகிட்ட மட்டும் எதுவும் பேசாதீங்க என்றார். நான் கையை நீட்டிவிட்டேன் மச்சான். கவர் இதோ, ஒரு சாண் தூரத்தில். உங்கள் மருமகள் நடுவில் வந்து நின்று, எனக்கு மட்டும் வேண்டாங்க, எங்க கிளாஸ்ல பதினாலு பேர் இருக்கறோம், பதினாலு பேருக்கும் குடுங்க என்கிறாள். தாளாளர் கவரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன். திட்டினேன். அடிக்கக்கூடக் கை ஓங்கிவிட்டேன், அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டேன். மத்த புள்ளைகளை அவங்கவங்க அப்பன் அம்மா பார்த்துக்குவாங்க, நீ உன்னைப் பாரு என்றேன். அவங்க அப்பன்மாரும் உங்கள மாதிரித்தானுங்கப்பா பார்த்துச் சேர்த்திருக்காங்க என்றாள். இதுதான் அவள் என்னோடு கடைசியாகப் பேசியது. இன்று விடிந்ததும் மற்ற பதிமூணு பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு அந்த இன்ஸ்டிட்யூட் கேட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இந்தக் குணம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. எங்களுக்கு ஒன்று கிடைத்தால் வாங்கிக்கொண்டு, பேசாமல் ஊடு வந்து சேருவோம். இது உங்கள் பக்கத்துச் சமாசாரம். ரேஷன் கடையில் தெரிந்தவர் உங்களுக்கு மட்டும் சர்க்கரை எடுத்துக் கொடுத்தபோது, வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் போட்டால்தான் வாங்குவேன் என்று நின்று, சாயங்காலம் வெறும் பையோடு வந்தீர்களாமே, அந்தக் கதையை நிர்மலா பெருமையாகச் சொல்லிச் சொல்லி இந்தப் பிள்ளையைக் கெடுத்து வைத்திருக்கிறாள். உங்களுக்குப் போனது சர்க்கரை. எனக்குப் போகப்போவது பொண்ணு படிப்பு. திங்கட்கிழமை தாண்டினால் அந்த சீட் வேறு யாருக்கோ.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. இந்தக் கடிதம் கண்டதும் கடையைச் சாத்திவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து, அந்தப் பிள்ளையை அதட்டி, கவரை வாங்க வையுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டாள், மாமன் சொன்னால் கேட்பாள். வந்த வேலை முடிந்ததும் நீங்கள் திரும்பிப் போகலாம். அதற்கப்புறம் நம் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை வேண்டாம். பொங்கலுக்கு வர வேண்டாம், நானும் வரமாட்டேன். நிர்மலா வந்தால் அது அவள் இஷ்டம்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். அவர் பேரில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், எங்கே என்பதை விசாரித்து.

இப்படிக்கு,
இனிமேல் உங்கள் மாப்பிள்ளை அல்லாத,
வெள்ளையன்

பின்குறிப்பு: மச்சான், கண்டக்டர்கிட்டக் குடுக்கறதுக்காக இதை எடுத்துக்கிட்டுப் போற வழியில, ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போலாம்னு இன்ஸ்டிட்யூட் கேட்டுக்குப் போனேன். புள்ளைகளை இழுத்துக்கிட்டுப் போக வந்த அப்பன்மாரு ஏழெட்டுப் பேர் வெயில்ல நின்னுக்கிட்டு இருந்தாங்க. எல்லாரும் பனியன் கம்பெனி ஆளுகதான், குண்டடத்துல விவசாயம் பண்ற காட்டுக்காரர் ஒருத்தரைத் தவிர. என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியல. கொஞ்ச நேரத்துல தாளாளர் அந்தக் கவரை எடுத்துக்கிட்டு எங்கிட்ட வந்து, இந்தாங்க, உங்க பொண்ணக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க, அவ போனா மத்ததுகளும் போயிரும்னாரு. வாங்கிட்டேனுங்க. கையிலேயே வாங்கிட்டேன். பிரிச்சுக்கூடப் பார்த்தேன், எல்லாம் இருந்துச்சு. சித்ரகலா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. அந்தக் குண்டடத்துக்காரர் எங்கிட்ட வந்து, உங்களுக்குக் குடுத்துட்டாங்களாங்க, அப்ப எங்களுக்கும் குடுத்துருவாங்களாங்கன்னு கேட்டாரு. என்ன சொல்றதுன்னு தெரியாம, கவரைத் தாளாளர் கையிலயே திருப்பிக் குடுத்துட்டு, மத்த பதிமூணையும் கொண்டு வாங்கன்னுட்டேன். இப்பப் புள்ளைக பக்கத்துல உக்காந்துதான் இதை எழுதறேன். சித்ரகலா என் போனை வாங்கி உங்க நம்பர் பிளாக்கை எடுத்து விட்டுட்டா, கூப்பிட்டா நீங்கதான் எடுக்க மாட்டேங்கறீங்க. அதட்டறதுக்கு வர வேண்டாமுங்க. சும்மா வாங்க, வந்து பக்கத்துல உக்காருங்க. மச்சான், திங்கக்கிழமைக்கு நடுவுல ஒரு நாள்தான் இருக்குது.