திசைகாட்டி மதில்மேல் நின்ற காலை

வட ஆர்க்காடு ஜில்லாவில் வடக்கு எது என்று சந்தேகமில்லாமல் தெரிந்த பிறவி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வேலூரில் எங்கள் கல்லூரி விடுதியில், எனக்கு அடுத்த கட்டிலில் அது படுத்திருந்தது. பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவள் திசைகாட்டி.

நாங்கள் இருவரும் பூகோளம் படித்தோம். மலை, ஆறு, மழை எல்லாம் இயற்கைப் பூகோளம்; ஊர், தொழில், ஜனங்கள் எல்லாம் மனிதப் பூகோளம். நான் இவற்றை வகுப்பில் படித்தேன். அவள் சாப்பாட்டு அறையிலும் படித்தாள். இடது, வலது என்ற சொற்களே அவள் பேச்சில் கிடையாது.

"உன் மேற்குப் பல்லுல கீரை ஒட்டிக்கினு இருக்கு."

நான் வெட்கத்தோடு திரும்பி நின்று துழாவினேன்.

"திரும்பிட்ட இல்ல? இப்ப அது கிழக்குப் பல்லு."

விடுதியைக் கட்டிய மேஸ்திரி காந்த ஊசியிடம் யோசனை கேட்கவில்லை. கட்டடம் வடக்குக்குச் சற்றுக் கோணலாக நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வெளியே போயிருந்த நேரத்தில், எட்டுக் கட்டில்களையும் சுத்த வடக்குத் தெற்காகத் திருப்பிவிட்டாள். விளைவுகள் மூன்று. அலமாரி திறக்கவில்லை. கதவு பாதிதான் திறந்தது. அந்தப் பாதியில் நுழைய முடியாமல் வார்டன் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாடி இது, கட்டிலெல்லாம் கோணலா கெடக்கு?"

"கட்டில் நேராத்தாம்மா இருக்கு. கட்டடந்தான் கோணல்."

"அப்ப கட்டடத்தைத் திருப்பிட்டுக் கூப்பிடு. உள்ள வர்றேன்."

இரண்டாம் வருஷத்தில்தான் விஷயம் விபரீதமாயிற்று. இருவர் இருவராக ஆம்பூரில் ஒரு பகுதியை அளந்து படம் வரைந்து தர வேண்டும். அவகாசம் ஒன்றரை நாள். படம் தப்பானால் அந்த ஜோடியைப் பூகோளத்திலிருந்து எடுத்துத் தையல் வகுப்பில் போட்டுவிடுவார்கள். பெண்களுக்கு நில அளவை ஒத்துவராது என்பதில் நிர்வாகத்துக்கு அப்படியொரு நம்பிக்கை. எனக்குத் தையல் வராது. திசைகாட்டி தன் ஆயுளில் தொட்ட ஒரே ஊசி காந்த ஊசி.

அளக்கும் முறை எளியது. முக்காலிமேல் பலகை, பலகைமேல் காகிதம். ஓரிடத்தில் நின்று தூரத்துப் பொருள் ஒன்றைக் குறிபார்த்துக் கோடு போட வேண்டும். வேறோர் இடத்துக்குப் போய் அதே பொருளைக் குறிபார்த்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் புள்ளியில் அந்தப் பொருள் இருக்கிறது. பொருள் நகரக்கூடாது, அவ்வளவுதான்.

நான் மசூதி மினாரைச் சொன்னேன். அதைப் புளியமரங்கள் மறைத்தன. திசைகாட்டி தேர்ந்தெடுத்தது பாலாற்றங்கரையில் ஒரு தோல் ஷாப்பை. தோல் பதனிடும் இடத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அதன் முற்றத்தில் ஒரு பெரிய எருமைத் தோல் கொடியில் தொங்கியது.

"பெரிசா, தெளிவா இருக்கு. இதுக்கு மேல இன்னா வேணும்?"

முதல் கோடு போட்டோம். கட்டுச்சோறு சாப்பிட்டோம். அந்த நேரத்தையும் வீணாக்காமல், ஷாப்பின் முதலாளி சாயபுவிடம் மனிதப் பூகோளம் விசாரிக்கப் போனாள்.

"நீங்க ஏன் இங்க இருக்கீங்க?"

"இது என் ஷாப்பும்மா. நீங்க ஏன் இங்க இருக்கீங்க?"

"நல்ல கேள்வி" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

பிறகு இரண்டாம் கோடு போட்டோம். கிடைத்த புள்ளியை நம்பி மற்ற இடங்களையெல்லாம் குறித்தோம். சாயங்காலம் பார்த்தால் ஆம்பூர் ரயில் நிலையம் பாலாற்றின் நடுவில் நின்றது.

திசைகாட்டி படத்தை வெகுநேரம் பார்த்தாள். "ஸ்டேஷனை நகர்த்தியிருப்பாங்களோ?"

"யாரு?"

"அதானே. எங்கப்பா ஜோலார்பேட்டையில சிக்னல்ல இருக்காரு. நகர்த்தியிருந்தா லெட்டர் போட்டிருப்பாரு."

ரயில்வேமேல் சந்தேகம் தீர்ந்த பிறகுதான் தோல் ஷாப்புக்குப் போனோம். தோல் உலர்த்துகிற மாணிக்கம் கொடிக்கு அடியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் இங்க ஒரு தோல் இருந்துதே?"

"வெயிலு போய்டிச்சிம்மா. நீங்க சாப்புட்டுக்கினு இருந்தப்பவே அந்தாண்ட மாத்திட்டேன்."

"மாத்தினா சொல்ல வேணாமா?"

"யாருகிட்ட? எருமைகிட்டயா?"

மறுநாள் காலை மட்டுமே மிச்சம். மத்தியான ரயிலில் திரும்பியாக வேண்டும். நகராத பொருள்களுக்கு ஒரு பட்டியல் போட்டேன். மினார்: தெரியாது. மலை: ரொம்பத் தூரம். மாட்டு வண்டி: கூடவே கூடாது. பட்டியல் அதோடு முடிந்தது.

"நான் நிக்கிறேன்" என்றாள் திசைகாட்டி. "நான் நகர மாட்டேன்."

சிவப்புச் சேலையோடு ஷாப்பின் மதில்மேல் ஏறி நின்றாள். நான் பலகையைத் தூக்கிக்கொண்டு இடம் இடமாக ஓடினேன். எங்கிருந்து பார்த்தாலும் மதில்மேல் அந்தச் சிவப்பு இருந்தது. இரண்டரை மணி நேரம். வெயில் ஏறியது. ஈ மொய்த்தது. வேலைக்கு வந்தவர்கள், இன்னா வேண்டுதல் என்று கேட்டார்கள். மதிலோரக் குப்பைமேட்டில் ஏறிய ஆடு ஒன்று முந்தானையைத் தின்னத் தொடங்கியது. அவள் கண்ணை மட்டும் தாழ்த்தி அதைப் பார்த்தாள்.

நான் வேலை முடித்து வந்தபோது சாயபு டீயோடு மதிலடியில் நின்றிருந்தார்.

"எங்கம்மா வைக்கிறது?"

"வடகிழக்கா வைங்க."

ஐந்து வேளையும் மேற்குப் பார்த்துத் தொழுகிற சாயபு ஒரு நொடிகூட யோசிக்காமல் சரியான பக்கத்தில் வைத்தார்.

"முடிஞ்சுதுடி, இறங்கு" என்றேன்.

"ஸ்டேஷன் எங்க இருக்கு?"

"ஸ்டேஷன்லதான் இருக்கு."

அதற்குப் பிறகே இறங்கினாள். கால் மரத்துப்போய் நேராக என்மேல் விழுந்தாள். முந்தானையில் ஒரு சாண் இல்லை.

எங்கள் பேராசிரியர் படத்தை அளவுகோல் வைத்துப் பரிசோதித்தார். நடுவிலிருந்த புள்ளியில் விரலை வைத்து, "இந்த 'தி' என்ன? தூணா?" என்று கேட்டார்.

"அதைவிட உறுதி சார்" என்றேன்.

தையல் வகுப்புக்கு நாங்கள் போகவில்லை.

திசைகாட்டி இப்போது பேரணாம்பட்டில் பள்ளிக்கூட ஆசிரியை. அங்கே பிள்ளைகள் தென்கையால் எழுதுகிறார்களாம், வகுப்பறை அப்படி அமைந்திருக்கிறதாம். நான் படம் வரைந்து பிழைக்கிறேன். பழக்கமில்லாத ஊரில் முக்காலியை நிறுத்தி நிமிரும்போதெல்லாம், என் கண் முதலில் தேடுவது மதில்மேல் ஒரு சிவப்புச் சேலையை.